மஞ்சள் பெட்டியில் விழுந்த ஓட்டு

அன்புள்ள மகன் அருளப்பனுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. நானும் அப்பாவும் சுகம். கண்டியில் மழை விட்டபாடில்லை, துவைத்த துணி காயவில்லை. சுகம் விசாரிக்கிற பகுதியை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். ஏனென்றால் உன் கடிதத்தின் கடைசி நாலு வரி இரண்டு நாளாக என்னை ஒரு வேலையும் ஒழுங்காகச் செய்ய விடவில்லை. பஸ் முதலாளி இந்த முறையும் ஸ்டேட் கவுன்சில் எலெக்ஷனில் மஞ்சள் நிறத்தில் நிற்கிறார், ஞாயிற்றுக்கிழமை சந்தைப் பக்கம் நடக்கிற கூட்டத்தில் நம் டீம் பதினொரு பேரும் மஞ்சள் சட்டையோடு மேடையில் நிற்க வேண்டுமாம், கப்டன் என்பதால் நீ நாலு வார்த்தை பேச வேண்டுமாம், சனிக்கிழமை மேட்ச் முடிந்ததும் பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாயாம். அது போதாதென்று, "நம்ம தெரு எப்பவும் மஞ்சளுக்குத்தான்னு முதலாளிகிட்ட சொன்னேன், சரிதானே அம்மா? போன தடவ நீங்களும் அதுக்குத்தானே போட்டீங்க?" என்று வேறு கேட்டிருக்கிறாய்.

ஆமாம் மகனே, போட்டேன். அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீ கொழும்பில் துறைமுகக் கந்தோரில் இங்கிலீஷில் கடிதம் எழுதுகிறவன், மேட்ச்சுக்கு மட்டும் சனிக்கிழமை ரயிலேறி ஊருக்கு வருகிறவன். என் கன்னியாஸ்திரி மடத்துத் தமிழ் உனக்குச் சிரிப்பாக இருக்கலாம். இருந்தாலும் நடுவில் நிறுத்தாமல் கடைசி வரைக்கும் வாசித்துவிடு. எனக்கு வாய் நீளம் என்று உன் அப்பா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார், பேனாவும் நீளம்தான் என்று இன்றைக்குத் தெரிந்துகொள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் புட்போலுக்கு எதிரி இல்லை. எதிரியாக இருக்க எனக்கு யோக்கியதையும் இல்லை. உங்கள் டீமின் முதல் மஞ்சள் சட்டைகளைத் தைத்தவளே நான்தானே. அதுவரைக்கும் நம் தெருப் பையன்கள் வெறும் மேலோடும் வெறுங்காலோடும் ஓடிக்கொண்டிருந்தார்கள். பஸ் முதலாளி ஒரு நாள் தானாகவே வந்து, மஞ்சள் துணி ஒரு கட்டும் பதினொரு சோடி சப்பாத்தும் இறக்கிவிட்டுப் போனார். நான் ஒரு கிழமை, ஏழு நாளும், தையல் மெஷினை விட்டு எழும்பவில்லை. சட்டை போட்டுக்கொண்டு நீங்கள் பதினொரு பேரும் வாசலில் வரிசையாக வந்து நின்றபோது ஊசியைக் கையில் பிடித்தபடியே எழுந்து வந்தேன். அந்த வாசலில் அழுக்கும் சொறியுமாக நின்ற பிள்ளைகள்தானே இவர்கள் என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒரே நிறத்துத் துணி பதினொரு பேரை ஒரே ஆளாக ஆக்கிவிடுகிறதே, அது எப்படி? இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை, இன்றைக்கும் அதைப் பார்த்தால் உடம்பு சிலிர்க்கிறது.

போகம்பரை மைதானத்துக்கு நீங்கள் இறங்குகிற நாளில் நம் தெருவில் அடுப்புப் புகையாது. சாமான் கடைக்காரர் கடையைப் பூட்டிவிடுவார். உன் அப்பா ஸ்டேஷனில் வேலையை மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து, வரம்புக் கயிற்றோடு ஒட்டி நிற்பார். வீட்டில் பத்து வார்த்தை பேசாத மனுஷன் அங்கே பத்துப் பேர் சத்தத்தைப் போடுவார். நானும் பெண்களும் குடையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி நிற்போம், நிற்பது என்ன, குதிப்போம். உனக்குப் பதினேழு வயதில் முதல் கோல் விழுந்ததே, அந்த நாள் உனக்கு எப்படி இருந்ததோ, எனக்குத் தெரியாது. எனக்கு எப்படி இருந்தது என்று சொல்கிறேன். பந்து வலைக்குள் போன அந்தக் கணம் மைதானமே மூச்சை நிறுத்திவிட்டது. பிறகு எழுந்த சத்தம் இருக்கிறதே, அது காதால் கேட்கிற சத்தம் இல்லை, நெஞ்சுக்குள்ளே இருந்து கிளம்புகிற சத்தம். முன்பின் தெரியாத ஒரு சோனக முஸ்லிம் பெண் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். மாதாவே, இது என் பிள்ளையா, இவ்வளவு பேரும் கூப்பிடுவது என் பிள்ளை பெயரையா என்று அப்படியே நின்றேன்.

எனக்குப் பக்கத்தில் அன்றைக்கு நின்றவள் உன் சித்தி சவரியம்மா. உனக்கு நினைவிருக்கும். ஹந்தானைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துவிட்டு, தலையில் போட்ட கம்பளியைக்கூட எடுக்காமல், நேரே மலையிறங்கி வந்திருந்தாள். கூடைக் கயிறு அழுத்திய தடம் நெற்றியில் அப்படியே இருந்தது. ஆட்டத்தின் சட்டம் ஒன்றும் அவளுக்குத் தெரியாது. ரெப்ரி விசில் ஊதினால் போதும், "இந்தாளு என்னக்கா சும்மா சும்மா ஊதுறான், புள்ளைய ஓட விடுறானா பாரு" என்று சண்டைக்குக் கிளம்பிவிடுவாள். பிள்ளை குட்டி இல்லாதவள். புருஷனும் அந்த வருஷம்தான் காய்ச்சலில் போய்ச் சேர்ந்திருந்தான். அவளுக்கு உலகத்தில் இருந்ததெல்லாம் தோட்டத்து லய வரிசையில் ஓர் அறை, அந்தக் காம்பராவும் நீயும்தான்.

அடுத்த மாதம் பச்சைச் சட்டை டீமோடு நடந்த மேட்ச்சை நான் உனக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. உன் தோள் எலும்பே ஞாபகப்படுத்தும். அந்தத் தடியன் ஓடி வந்து மோதினானே, பந்து இருந்த இடம் ஒரு பக்கம், நீ இருந்த இடம் ஒரு பக்கம். "டக்" என்று கேட்டது எனக்கு, இவ்வளவு தூரத்துக்குக் கேட்டது. ஆஸ்பத்திரியில் நீ கிடந்த நாளெல்லாம் சவரி வேலை முடித்து, ரொட்டியும் சம்பலும் இலையில் மடித்துக்கொண்டு மலையிறங்கி வருவாள், உனக்கு ஊட்டிவிட்டு மறுபடியும் மலையேறுவாள். அந்தப் பச்சைக்காரனை அவள் திட்டின திட்டை நான் எழுதினால் இந்தக் காகிதம் கருகிவிடும். பச்சைப் பாவாடை ஒன்று வைத்திருந்தாள், அதை அடுப்புத் துடைக்கிற துணியாக்கிவிட்டாள். நானும் ஒன்றும் குறைந்தவள் இல்லை. சந்தையில் கீரையைப் பார்த்தாலே எனக்கு ஆத்திரம் வந்தது. சிரிக்காதே.

இந்த நேரத்தில்தான் ஓட்டு வந்தது. ஆம்பிளை, பொம்பிளை, காசுள்ளவன், இல்லாதவன், படித்தவன், படிக்காதவன், இருபத்தொரு வயது ஆன எல்லாருக்கும் ஓட்டு என்று உன் அப்பா பேப்பரை வாசித்துச் சொன்னபோது நான் நம்பவில்லை. "சும்மா கதை விடாதீங்க" என்றேன். பிறகு நம் தெருவுக்கும் ஆள் வந்து பெயர் எழுதிக்கொண்டு போனார்கள். தோட்டத்திலும் எழுதினார்கள். சவரி ஓடி வந்தாள். "அக்கா, எனக்குமாம்! கொழுந்து பறிக்கிறவளுக்குமாம்! தொரைக்கும் ஒரு ஓட்டு, எனக்கும் ஒரு ஓட்டாம். கங்காணி சிரிக்கிறாரு, நான் சொன்னேன், சிரிக்காதீங்க, ஒங்களுக்கும் ஒன்னுதான்னு" என்றாள். அன்றைக்கு முழுவதும் நாங்கள் இரண்டு பேரும் திருவிழாவுக்குத் துணி வாங்கின பிள்ளைகள் மாதிரி காரணமில்லாமல் சிரித்துக்கொண்டே இருந்தோம். பெரிய பெரிய ஆள்கள், காரில் போகிறவர்கள், எங்கள் வாசலில் வந்து கை கூப்பினார்கள். என்னைப் பார்த்துக் கை கூப்பினார்கள், அருளப்பா! எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

சந்தோஷம் ரொம்ப நாள் நிற்கவில்லை. தேயிலை விலை விழுந்துவிட்டது, தோட்டத்தில் ஆள் குறைக்கிறார்கள் என்று பேச்சு வந்தது. குறைக்கிறபோது முதலில் யாரைக் குறைப்பார்கள்? ஆம்பிளைத் துணை இல்லாதவளைத்தான். சவரிக்கும் இன்னும் நாலைந்து விதவைகளுக்கும், தோட்டத்துப் பதிவில் பேர் வெட்டியாகிவிட்டது, இரண்டு மூன்று மாதத்தில் காம்பராவைக் காலி செய்து ஊருக்குப் போகத் தயாராக இருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். எந்த ஊருக்கு? நாங்கள் இரண்டு பேரும் பிறந்தது அந்த லயத்தில். இந்தியாவில் எங்கள் தாத்தா கிராமத்தின் பெயர் தெரியும், வழி தெரியாது. நம் வீட்டில் கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாம் என்று உன் அப்பாவே முதலில் சொன்னார். ஆனால் நாம் இருக்கிற ரயில்வேக் காம்பராவில் வெளியாள் தங்கக் கூடாது, தங்கினால் அப்பாவின் வேலைக்கு வினை என்று மேலே இருந்தவர் சொல்லிவிட்டார். இதெல்லாம் உனக்குத் தெரியாது. சித்தி ஊருக்குப் போக ஆசைப்பட்டுப் போனாள் என்றுதான் உன்னிடம் சொன்னோம். அது பொய். அந்தப் பொய்யைச் சொன்னவள் நான்.

அப்போதுதான் புரொக்டர் ஐயா வந்தார். அவரும் எலெக்ஷனுக்கு நிற்கிறவர்தான், பஸ் முதலாளிக்கு எதிராக. தோட்டத்து ஆள்களின் வழக்கை எடுத்து நடத்துகிறார் என்று கேள்விப்பட்டு உன் அப்பா போய்ச் சொல்லியிருந்தார். யாழ்ப்பாணத்து மனுஷன், மெலிந்த ஆள், மழையில் நனைந்துகொண்டே நடந்து வந்து நம் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்தார். சவரி சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு, "ஓம் அம்மா, நான் சும்மா வாக்குத் தர மாட்டன். ஆனா உள்ளுக்குப் போனனெண்டா என்ர முதல் கேள்வி இதுதான். புருஷன் செத்த பொம்பிளையளைத்தான் முதல்ல வெளியேத்திறதோ எண்டு சபையில கேப்பன். அங்க கேட்டாத்தான் துரைமார் பதில் சொல்லுவினம்" என்றார். போகும்போதும், எனக்கு ஓட்டுப் போடுங்கள் என்று அவர் கேட்கவில்லை. அவர் போனபிறகு சவரி அந்தக் கதிரையைத் துணியால் துடைத்தாள். ஏன் துடைத்தாளோ, கோயில் பீடத்தைத் துடைக்கிற மாதிரித் துடைத்தாள்.

அந்த நாளிலும் இப்போது மாதிரியேதான், ஆளுக்கு ஒரு நிறம், ஒரு பெட்டி. எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்காக அப்படிச் செய்தார்களாம். நல்ல யோசனைதான். ஆனால் யார் தலையெழுத்தோ தெரியவில்லை, பஸ் முதலாளிக்கு மஞ்சள் விழுந்தது, புரொக்டர் ஐயாவுக்குப் பச்சை. முதலாளியின் ஆள்கள் விடுவார்களா? அடுத்த நாளே மெகபோன் வைத்துக்கொண்டு நம் தெருவில் கத்தினார்கள்: "பச்சைக்குப் போடுற ஓட்டு நம்ம வலையில விழுற கோலு!" தெரு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். நான் தைத்த சட்டைகளில் மிஞ்சின துணியைக் கேட்டு வாங்கி, கொடி தைத்துக் கட்டினார்கள். அதையும் நான்தான் தைத்துக் கொடுத்தேன், தெரு கேட்கிறபோது எப்படி மாட்டேன் என்பது? ஆனால் மனதுக்குள் தீர்மானமாக இருந்தேன். கொடி வேறு, ஓட்டு வேறு. என் ஓட்டு என் தங்கச்சிக்கு, பச்சைக்கு.

ஓட்டுப் போடுகிற நாளில் ஞாயிற்றுக்கிழமைச் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். பள்ளிக்கூட வாசலில் வரிசை வளைந்து வளைந்து ரோட்டு வரைக்கும் வந்திருந்தது. மடத்துச் சிஸ்டர்மார், முக்காடு போட்ட சோனகப் பெண்கள், கண்டிச் சேலை கட்டிய சிங்களப் பெரியம்மாக்கள், மீன் விற்கிறவள், டொக்டர் வீட்டு அம்மா. யாருக்கும் முன்னிடம் இல்லை. டொக்டர் வீட்டு அம்மா மீன்காரிக்குப் பின்னால் நின்றாள். நான் அதைப் பார்த்துப் பார்த்து மாளவில்லை. பூசைக்கு நற்கருணை வாங்கப் போகிற வரிசையில்தான் நான் அப்படி ஒரு கலப்பைக் கண்டிருக்கிறேன். என் பெயரைக் கூப்பிட்டார்கள். இன்னாரின் மனைவி என்று இல்லை, என் பெயரை. கையில் ஒரு துண்டுக் காகிதம் கொடுத்தார்கள். திரைக்குள் போனேன்.

திரைக்குள் யாரும் இல்லை, அருளப்பா. பிறந்த நாளிலிருந்து நான் தனியாக நின்றதே இல்லை, லயத்தில் பத்துப் பேர், மடத்தில் நூறு பேர், கலியாணமானால் புருஷன், பிள்ளை. அந்த முழ அகலத் திரைக்குள்தான் முதல் முறையாக என்னை ஒருவரும் பார்க்கவில்லை. கண்ணுக்கு முன்னால் பெட்டிகள். பச்சைப் பெட்டியைப் பார்த்தேன். நல்ல பச்சை, அந்தத் தடியன் போட்டிருந்த அதே பச்சை. "டக்" என்று எனக்குக் கேட்டது. சத்தியமாகக் கேட்டது. மஞ்சள் பெட்டியைப் பார்த்தேன். நான் ஒரு கிழமை முழுக்க மடியில் போட்டுத் தைத்த மஞ்சள். கையை நான் பச்சைப் பக்கம்தான் நீட்டினேன். நீட்டின கை பாதியில் நின்றது. என் பிள்ளையின் எலும்பை உடைத்தவன் நிறத்தில் என் கையால் எதையும் போட முடியவில்லை. காகிதம் மஞ்சளுக்குள் விழுந்துவிட்டது. விழுந்த சத்தம்கூட வரவில்லை. எடுக்கலாமா என்று பெட்டியின் வாயைப் பார்த்தேன், விரல் போகாத வாய். வெளியே வந்தேன். ஒருவரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

பஸ் முதலாளி ஜெயித்தார். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனார்கள், கட்டுப் போட்ட தோளோடு நீ கையசைத்தாய். உன் அப்பா எந்தப் பெட்டியில் போட்டார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது, நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. புரொக்டர் ஐயா தோற்ற பிறகும் சவரிக்காகத் துரைக்கு இரண்டு கடிதம் போட்டார். பதில் வரவில்லை. "வெளியில நிண்டு எழுதிறவனுக்கு ஆர் அம்மா பதில் போடுவினம்?" என்றார். என்னை ஒரு குற்றமும் சொல்லவில்லை, சொல்ல அவருக்கு என்ன தெரியும்? நான் முதலாளியிடமும் போனேன். அவர் கெட்ட மனுஷர் இல்லை, அதையும் எழுதிவிடுகிறேன். கதிரை போட்டு உட்கார வைத்து, தேத்தண்ணி கொடுத்து, "தோட்டத்து விஷயத்துல நான் கைபோட ஏலாதும்மா, தொரைமாரோட நமக்கு ஆயிரம் சோலி இருக்கு. வேற என்ன உதவி வேணும்னாலும் கேளுங்க" என்றார். கேட்டேன். சவரியின் டிரங்குப் பெட்டியை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக அவருடைய பஸ்ஸையே அனுப்பிவைத்தார்.

அன்றைக்கு நீயும் ஸ்டேஷனுக்கு வந்தாய். ஒற்றைத் தோளால் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, சித்திக்கு ஜன்னலோரத்தில் இடம் பிடிக்கக் கோச்சிக்குள் ஏறிவிட்டாய். பொல்காவலையில் மாறி, தலைமன்னாருக்குப் போய், அங்கே கப்பல் ஏற வேண்டும் அவள். பிளாட்பாரத்தில் நாங்கள் இரண்டு பேரும் மட்டும் நின்றோம். எனக்கு மேற்கொண்டு பொறுக்க முடியவில்லை.

"சவரி, ஒனக்கு நான் துரோகம் பண்ணிட்டேன்டி."

"என்னக்கா சொல்ற?"

"ஓட்டு. மஞ்சளுக்குப் போட்டுட்டேன். பச்சைக்குப் போடணும்னுதான் போனேன். கை போகலடி."

அவள் என்னையே பார்த்தாள். அறைவாளோ என்று நினைத்தேன், அறைந்தால் நல்லது என்றுகூட நினைத்தேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அவள் குலுங்கினாள். அழுகிறாள் என்று கையைப் பிடித்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நானும் மஞ்சளுக்குத்தான் போட்டேன்."

"அடியே! ஒனக்காகத்தானேடி அந்த மனுஷன் நனைஞ்சுக்கிட்டு வந்தாரு?"

"தெரியாதா எனக்கு? எல்லாந் தெரிஞ்சுதான் உள்ள போனேன். பச்சைப் பொட்டியப் பாத்தா அந்தப் பய ஓடி வர்றான். மஞ்சப் பொட்டியப் பாத்தா நம்ம புள்ள ஓடி வர்றான். நான் என்ன செய்வேன்? காம்பரா போனா போகுது. புள்ளைக்கு எதிரா எப்புடிக்கா போடுறது?"

அப்போதுதான் அவள் அழுதாள். கோச்சி விசில் ஊதியது. ஏறுவதற்கு முன்னால் என் தலையில் கை வைத்து, அந்தோனியார் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டாள்: "அவன்கிட்ட சொல்லிறாத. கேட்டான்னா அப்புறம் அவன் காலு ஓடாது. அவனுக்கும் ஓட்டு வர்ற வயசு வரட்டும், அப்ப சொல்லு." நீ அவளை உட்கார வைத்துவிட்டு இறங்கி வந்தாய். கோச்சி நகர்ந்தபோது, "கோலு போடுடா தம்பி!" என்று ஜன்னலில் இருந்து கத்தினாளே, அது ஞாபகம் இருக்கிறதா?

ஐந்து வருஷமாக நான் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிகிறேன். எங்கள் இரண்டு ஓட்டும் பச்சைக்கு விழுந்திருந்தால் புரொக்டர் ஐயா ஜெயித்திருக்க மாட்டார், அது எனக்குத் தெரியும். ஜெயித்துக் கேள்வி கேட்டிருந்தாலும் துரை மனம் மாறியிருப்பாரோ, யார் கண்டது? என்னை உலுக்குவது அது இல்லை. தன் கூரை பறிபோகப் போகிறது என்று தெரிந்துகொண்டே ஒருத்தி, ஒரு சட்டையின் நிறத்துக்காக, அதற்குள் ஓடுகிற ஒரு பிள்ளைக்காக, தன் கையாலேயே தன் கூரையைக் கழற்றிக் கொடுத்தாளே, அதுதான். அதை முட்டாள்தனம் என்று ஒரு நாள் நினைக்கிறேன், மறுநாள் நினைத்தால் முழங்கால் போட்டுக் கும்பிடத் தோன்றுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியுமா? நீ படித்தவன், நீயே சொல்லு. அங்கே யாரோ தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில், நெல்லு அவித்துக் கொடுத்துச் சீவிக்கிறாள். ஆளை வைத்து வருஷத்துக்கு ஒரு கடிதம் எழுதுவிப்பாள். உடம்பைப் பற்றி ஒரு வரி இருக்காது. பிள்ளை இன்னும் மஞ்சள் சட்டைதானா, எத்தனை கோல் போட்டான், அதுதான் கேள்வி.

ஒரு நாளும் நீ அவளைப் போடச் சொல்லவில்லை, என்னையும் சொல்லவில்லை. ஓட்டே இல்லாத பையன் நீ, பாவம், உன் மேல் என்ன குற்றம்? நீ ஒன்றும் சொல்லாமலே இவ்வளவு நடந்தது என்பதைத்தான் நீ யோசிக்க வேண்டும். இந்த முறை நீயே மேடை ஏறி, வாயைத் திறந்து கேட்டால் என்ன ஆகும்? நேற்று நம் டீம் கோல்கீப்பரின் அம்மா தண்ணீர்க் குழாயடியில் என்னிடம், "ஞாயித்துக்கெழம அருளப்பன் என்ன சொல்லுதோ அதான், நமக்கு வேற என்ன தெரியும்?" என்றாள். அவள் புருஷனுக்கும் வேலை போகப்போகிறது என்று பேச்சு. தன் வீட்டுக்கு யார் ஜெயித்தால் நல்லது என்று அவள் யோசிக்கவே இல்லை. உன் முகத்தைத்தான் யோசிக்கிறாள். முதலாளிக்கும் அது தெரியும். அதனால்தான் பேச்சாளர்களை விட்டுவிட்டு உன்னைக் கூப்பிடுகிறார்.

உன் பெயரும் இந்த முறை லிஸ்டில் வந்திருக்கிறது, அப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்து, என் கையைப் பிடித்து அழுத்தினார். நீ திரைக்குள் போய் எதில் வேண்டுமானாலும் போடு. முதலாளிதான் நல்லவர் என்று உனக்குப் பட்டால் அவருக்கே போடு, நான் கேட்க மாட்டேன். உள்ளே போகிறபோது சட்டையை வெளியே கழற்றி வைத்துவிட்டுப் போ, அவ்வளவுதான். சனிக்கிழமை மைதானத்தில் மஞ்சள் சட்டையோடு ஓடு. நான் வருவேன், குடையை மடித்துவிட்டுக் கத்துவேன். ஞாயிற்றுக்கிழமை மேடைக்குப் போகாதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, நீ வளர்ந்த ஆம்பிளை.

உரிமை இல்லாததால் கெஞ்சுகிறேன். நான் திருந்திவிட்டேன் என்று நினைத்து இவ்வளவும் எழுதுகிறேன் என்று எண்ணிவிடாதே. இந்த முறையும் புரொக்டர் ஐயா அதே பச்சையில் நிற்கிறார். அவருக்குப் போட வேண்டும் என்று ஐந்து வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் நீ அந்தச் சட்டையோடு மேடையில் வந்து நின்றால் நான் முன் வரிசையில்தான் இருப்பேன், நீ வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே கை தட்டிவிடுவேன். பிறகு திரைக்குள் போனால், சவரியையும் மறந்து, மஞ்சளுக்கே போட்டுவிடுவேன், மகனே. என்னால் முடியாது. உன்னால் முடியும். ஏறாதே.

அம்மா